அவசரத்தில் தூக்கிய பாய்

அவுகுசோ பாயைத் தூக்கிவிட்டான். டாக்டர் பேசினாலும், வக்கீல் பேசினாலும், பெண்டாட்டி தெலேசியா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே பேசினாலும், பேச்சு கடைசியில் போய் முட்டி நிற்கிற இடம் அதுதான்.

தரையில் விரிக்கிற பாய் இல்லை அது. சமோவாக்காரர்கள் மெத்தைக்கு அடியில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிற மெல்லிய பாய். கல்யாணத்துக்கு வெளியே வரும், சாவுக்கு வரும். ஒரு குடும்பத்தால் இன்னொரு குடும்பத்துக்குப் பெரிய கேடு ஏதாவது வந்துவிட்டால் அதற்கும் வரும். கேடு செய்தவர்கள் விடிகிற நேரத்தில் அந்த வீட்டு வாசலில் போய், பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்வார்கள். வெயிலானாலும் மழையானாலும் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தாயிற்று. உள்ளே கூப்பிட்டு, பேசி, அழுது, சாப்பிட்டு எழுந்தால் கணக்கு தீர்ந்தது. அப்புறம் யாரும் அதை வாயில் எடுக்கக்கூடாது. இஃபோகா என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவுக்கு வந்து, லோகனில் வீடு பிடித்து, பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போடுகிற காலத்திலும் அது மாறவில்லை.

ஆனால் பாயை உடனே தூக்குகிற வழக்கம் எங்கேயும் கிடையாது. கொஞ்ச நேரமாவது உட்கார வைப்பார்கள். கோபம் அதிகம் என்றால் மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, உள்ளே சாவகாசமாகக் கொக்கோ குடிப்பவர்களும் உண்டு. அவுகுசோ என்ன செய்தான்? கதவைத் திறந்தான். புல்லில் பாய் தெரிந்தது. பாய்க்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. அது அவன் அக்கா லிதியாவின் பாதம்.

அவ்வளவுதான். ஊன்றுகோல் ஒன்று நழுவிக் கீழே விழுந்ததைக் கூடப் பார்க்காமல், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே ஓடிப் பாயைப் பிடித்து இழுத்தான். அக்கா முன்னால் தம்பி காலை நீட்டி உட்கார மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான், சாப்பாட்டில் நல்ல துண்டை அவளுக்கு வைத்துவிட்டுத்தான் மீதியைத் தொடுவான். அப்படிப்பட்ட அக்கா தன் வாசலில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை எந்தத் தம்பியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? பாய்க்குள் அவளுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் லவுதாஃபி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். லிதியா அழவில்லை. நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்லாதக்கா. எதுவும் வேணாம். எந்திரி, உள்ள வா" என்று அவுகுசோ அவள் வாயை அடைத்துவிட்டான். உள்ளே போன பிறகும் அவள் இரண்டு முறை தொடங்கினாள். இரண்டு முறையும், "அந்தப் பேச்சே வேணாம்க்கா, சாப்பிடு" என்று தட்டில் சேப்பங்கிழங்கை அடுக்கினான்.

லவுதாஃபிதான் அவன் முதலாளி. சின்னதாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். ஒரு பழைய வேன், நாலைந்து ஆட்கள், நிறைய சிரிப்பு. யாரபில்பா பக்கம் வரிசையாகக் கட்டிய மாடி வீடுகளில் கூரையோரப் பலகை அடிக்கிற வேலையில்தான் அது நடந்தது. சாரத்தின் மேல்தட்டில் பக்கக் கம்பி கட்டவில்லை. அவுகுசோ கேட்டதற்கு, "இன்னிக்கு ஒரு நாள் வேலைதான மச்சான், நாளைக்குக் கழட்டப் போறோம்" என்று லவுதாஃபி சிரித்தான். அவனும் சிரித்துக்கொண்டே ஏறினான். பின்பக்கமாக ஓரடி வைத்தவனுக்குக் கால் வைக்க ஒன்றுமில்லை. கீழே செங்கல் அடுக்கு. வலது முட்டி அதன்மேல் போய் இறங்கியது.

வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். பாதி வழியில் லவுதாஃபி வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய் யாரிடமோ போனில் பேசினான். திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், ஆஸ்பத்திரில கேட்டா உன் வீட்டுக் கூரைல ஏறினேன், விழுந்தேன்னு சொல்லிடு. சைட்டுன்னு சொல்லாத. என்ன?"

முட்டி இருந்த இருப்புக்கு, நிலாவிலிருந்து விழுந்தேன் என்று சொல்லச் சொன்னாலும் அவுகுசோ சொல்லியிருப்பான். சொன்னான். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

முதலில் ஒரு ஆபரேஷன் நடந்தது. தட்டும் திருகாணியும் வைத்தார்கள். இன்னொன்று செய்தால்தான் முட்டி மடங்கும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும் என்றார்கள். இலவச வரிசையில் பெயர் இருக்கிறது, வரிசை நகர்கிறதாகத் தெரியவில்லை. நாளாக ஆக முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவுகுசோ தெலேசியாவிடம் சொல்லவில்லை. அவளோ டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் எப்போது சொல்கிறான் பார்க்கலாம் என்று காத்திருந்தாள்.

தெலேசியா முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை பார்த்தாள். அவனுக்கு அடிபட்ட பிறகு வேறொரு இடத்திலும் சாயங்கால வேலை சேர்த்துக்கொண்டாள். ஆரம்பத்தில் லவுதாஃபி வாரம் தவறாமல் மூட்டையில் கிழங்கும் கையில் கொஞ்சம் பணமுமாக வந்தான். பிறகு கிழங்கு மட்டும் வந்தது. பிறகு லிதியா அனுப்புகிற தேங்காய்ப்பால் பன் மட்டும் வந்தது. அதையும் அவள் பையன்கள் யாராவதுதான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கா ஏன் நேரில் வருவதே இல்லை என்று அவுகுசோவுக்குப் புரியவில்லை.

"இங்க பாரு" என்றாள் தெலேசியா ஒரு செவ்வாய்க்கிழமை, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. "ஸ்டேஷன் பக்கத்துல இலவசமா வக்கீல் வந்து உக்காருறாங்களாம். போறோம். உன்னக் கேக்கல, சொல்றேன்."

வக்கீல் ஹான் என்ற வியட்நாமியப் பெண். தேவாலயக் கூடத்தில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவுகுசோ நாற்காலியில் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். நீட்டிய காலின் மேல், யாரையும் அவமதிப்பதாக ஆகக்கூடாது என்று, தெலேசியாவின் சால்வையை விரித்திருந்தான்.

"உங்களுக்கு வழி இருக்கு" என்றாள் ஹான். "ரெண்டு வழி. முதலாவது, வேலைல அடிபட்டுச்சுன்னு காப்பீட்டுக்கு விண்ணப்பம். அதுல யார் தப்புன்னு கேக்கவே மாட்டாங்க. நீங்களே பராக்குப் பார்த்து விழுந்திருந்தாலும் சரிதான். ஆபரேஷன் செலவு, வாராவாரம் சம்பளத்துல ஒரு பங்கு, நடக்கப் பழகுற செலவு எல்லாம் வரும். ரெண்டாவது, சாரத்துக்குக் கம்பி கட்டலன்னு முதலாளி மேல நஷ்டஈட்டு வழக்கு. யார் தப்புங்கற பேச்சு அங்கதான் வரும். அதப் பின்னாடி யோசிக்கலாம். போடாமலும் விடலாம். இப்ப முதலாவதப் பாப்போம்."

"நான் மன்னிச்சிட்டேனே மிஸ்."

"அந்தப் பாய் மேல ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"பாய்ல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா மிஸ்?"

"அப்ப சட்டத்துக்கு அந்தப் பாயத் தெரியாது. உங்க உரிம அப்படியே இருக்கு."

"கேட்டுக்க" என்றாள் தெலேசியா.

"சட்டத்துக்குத் தெரியாது சரி மிஸ். எனக்குத் தெரியுமே" என்றான் அவுகுசோ.

ஹான் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கும் வீட்டில் பெரியவர்கள் உண்டு, சட்டப் புத்தகத்தில் இல்லாத கடன்கள் உண்டு. அதனால் அவள் சிரிக்கவில்லை. ஆனால் சிக்கல் இரண்டு இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக் கூரை என்று பதிவாகியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால், நடந்தது சைட்டில்தான் என்று சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். அன்றைக்கு வேலையில் இருந்த மற்ற இருவரும் சுரங்க வேலைக்கு மேற்கே போய்விட்டார்கள், போன் எடுப்பதில்லை. மிச்சம் இருப்பது லவுதாஃபி மட்டும்.

"ரெண்டாவது, அவர் காப்பீடு கட்டியிருக்காரா?"

"தெரியல மிஸ்."

"கட்டலன்னாலும் உங்களுக்குக் கிடைக்கும், கவலப்படாதீங்க. ஆனா உங்களுக்குக் குடுத்தத அவர்கிட்டேருந்து அபராதத்தோட வசூல் பண்ணுவாங்க." நாட்காட்டியைப் புரட்டி, "விண்ணப்பத்துக்குக் கெடு ஒண்ணு இருக்கு, அவுகுசோ. ரொம்ப நாள் இல்ல. முடிஞ்சா அடுத்த செவ்வாய் வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து எல்லோரும் லவுதாஃபி வீட்டில்தான் சாப்பிட்டார்கள். தரையில் பாய் விரித்து இரண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவுகுசோ மட்டும் சுவரோரமாகக் காலை நீட்டி, அதன்மேல் ஒரு துண்டுப் பாயைப் போட்டு மூடிக்கொண்டு, நோயாளிபோல் உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் பேசுகிறவன் சம்மணமிட்டுத்தான் பேச வேண்டும். அவன் கொஞ்ச நாளாக எதுவுமே பேசுவதில்லை. முட்டி போனதில் வேலை மட்டும் போகவில்லை என்பது அவனுக்கு இங்கேதான் உறைத்தது. தன் மகள் கல்யாணத்தில் கூடத் தான் இப்படிச் சுவரோரத்தில்தான் கிடப்பேனோ என்று நினைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேன் பக்கத்தில் போய் லவுதாஃபியிடம் மெதுவாகத் தொடங்கினான்.

"மச்சான், காப்பீடு கட்டியிருக்கியா?"

லவுதாஃபி வேன் கதவை இழுத்துச் சாத்தினான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

"யாருகிட்ட போன?"

"வக்கீல்கிட்ட. தெலேசியா கூட்டிட்டுப் போனா."

"கட்டல" என்றான் லவுதாஃபி. "எங்கம்மா சாவு வந்துச்சுல்ல. கட்ட வச்சிருந்த பணத்த அதுக்கு எடுத்தேன். அடுத்த வேலைப் பணம் வந்ததும் கட்டிடலாம்னு நெனச்சேன். வந்தது கடனுக்குப் போச்சு. நீயும்தான இருந்த அந்தச் சாவுல?"

இருந்தான். வயிறு நிறையச் சாப்பிட்டான். ஊரிலிருந்து வந்த உறவுகளுக்குச் சாவு முறையாகக் கொடுத்த டின் மாட்டிறைச்சிப் பெட்டிகளைத் தோளில் சுமந்து வண்டியில் ஏற்றியதும் அவன்தான். அந்தப் பெட்டிகளில் ஏதோ ஒன்று தன் முட்டிக்குக் கட்ட வேண்டிய பணம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

"கேஸ் போட்டா இந்த வீடு போயிடும் மச்சான்" என்றான் லவுதாஃபி. குரல் தழுதழுத்தது, பிறகு கோபமானது. "பாயத் தூக்கின கையாலயே என்னப் புடிச்சுக் குடுக்கப் போறியா? உன் அக்கா தலகுனிஞ்சு உக்காந்தாளே, அது எதுக்கு? சும்மாவா?"

அதற்குள் லிதியா இரண்டு கோப்பையில் கொக்கோ கொண்டுவந்தாள். கோப்பையைத் தம்பி கையில் கொடுத்தபோது அவன் கண்ணைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்தாள். என்னமோ சொல்ல வருகிறவள்போல் நின்றாள். அக்கா முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்று அவுகுசோ சட்டென்று மழை பற்றிப் பேசினான். அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தெலேசியா பிடித்துக்கொண்டாள்.

"பாயத் தூக்கினது நீ. ஆனா முட்டி போனது நம்ம ரெண்டு பேருக்கும். என்னக் கேட்டியா தூக்கறதுக்கு முன்னாடி? நான் அப்ப குளிச்சிட்டு இருந்தேன். வெளிய வந்து பாக்கறேன், எல்லாரும் உக்காந்து என் கிழங்கத் தின்னுட்டு இருக்காங்க."

"அக்கா உக்காந்திருந்தா தெலேசியா."

"தெரியும். அதத்தான் சொல்றேன். அவன் மட்டும் தனியா வந்திருந்தா நீ மத்தியானம் வரைக்குமாவது விட்டிருப்ப. யோசிச்சிருப்ப. அக்காவக் கூட்டிட்டு வந்தான், வேல சீக்கிரம் முடிஞ்சுது. சாமர்த்தியசாலிதான்."

அவுகுசோவுக்குச் சுருக்கென்றது. இதை அவனும் நினைத்ததுண்டு. நினைத்ததும் உடனே அடக்கிவிடுவான்.

ஹான் சொன்ன செவ்வாயையும் விட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க அவன் கட்டிலில் கிடந்தபடி யோசித்தான். விண்ணப்பம் போடாவிட்டால் முட்டி போகும். தெலேசியா இரண்டு வேலை பார்த்தே கிழவியாவாள். சின்ன மகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும்போதெல்லாம் அவன் குனிய முடியாமல் நிற்பான். போட்டால் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்கினவன் ஆவான். மன்னிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்குகிறவன் அவர்கள் கூட்டத்தில் மனுஷனே இல்லை. தேவாலயத்தில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதுகூடப் பெரிதில்லை. அக்கா வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது.

அவன் படுத்திருந்த மெத்தைக்கு அடியில்தான் அந்தப் பாயும் இருந்தது. வாங்கினவர்கள் வைத்துக்கொள்வதுதான் முறை. தெலேசியா பூச்சி உருண்டை போட்டு மடித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை விடியும்போது தெலேசியா கண் விழித்தால், புருஷன் ஒற்றைக் காலில் நின்று மெத்தையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"அக்கா வீட்டுல கொண்டு விடு. பாயோட."

தெலேசியா எழுந்து உட்கார்ந்தாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை.

"அடிபட்டவன் போய் அடிச்சவன் வாசல்ல உக்கார்றதா? உலகத்துல எந்த மடையனாவது இப்படிச் செஞ்சிருக்கானா? கேஸ் போடலன்னு சொல்றதுக்கு எதுக்கு பாயி, போன் பண்ணிச் சொல்லேன்!"

"போடலன்னு சொல்றதுக்கு இல்ல" என்றான் அவுகுசோ. "போடப் போறேன். செவ்வாய்க்கெழம போடப் போறேன். அவங்க வீடு போனாலும் போடப் போறேன். ஆனா அவங்களுக்கு நான் கெடுதல் பண்ணப் போறேன்ல? பண்றதுக்கு முன்னாடி போய் உக்காரணும்ல?"

தெலேசியா எழுந்து மெத்தையின் மறுமுனையைத் தூக்கினாள்.

"நான் உக்கார மாட்டேன். யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல. வண்டில இருக்கேன்."

ஞாயிறு என்றால் தேவாலயத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் பார்க்கும், லவுதாஃபிக்கு அவமானம் என்றுதான் அவன் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தான். தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. தெலேசியா அவனைப் பிடித்து மெதுவாகப் புல்லில் இறக்கினாள். அவனால் சம்மணம் போட முடியவில்லை. வலது கால் நேராக, லவுதாஃபியின் வாசல் கதவைப் பார்த்து நீண்டுகொண்டது. பாயைத் தலைமேல் போர்த்தினாள். பாய் அகலமானதுதான், ஆனால் அவுகுசோவும் பெரிய ஆள். பாதம் மூடவில்லை. எவ்வளவு இழுத்தாலும் மூடவில்லை.

"கால் தெரியுது" என்றாள்.

"தெரியட்டும். என்ன பண்ண."

அவள் போய் எதிர்ப்பக்கம் காரில் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டாள்.

பாய்க்குள் இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பூச்சி உருண்டை வாசமும் பாய் பின்னிய காய்ந்த தாழை ஓலையின் வாசமும் சேர்ந்து அடித்தன. வீட்டுக்குள் யாரோ சன்னல் துணியை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கியது. முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

கொஞ்ச நேரம் கழித்து நாய் ஒன்று அவன் பாதத்தை மோந்தது.

"மேட்? உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" பக்கத்து வீட்டுக் கெவின். "உடம்பு சரியில்லையா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"வேணாம் மேட். மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன்."

கெவின் யோசிப்பது பாய்க்குள் இருந்தபடியே தெரிந்தது. "ஓ, சரி. எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல மேட்."

"என் புல்லுக்குத் தண்ணி தெளிக்கிறது தானா ஓட ஆரம்பிச்சிடும். உம்மேல அடிக்கும். போய் நிறுத்திடறேன் இரு." நாயை இழுத்துக்கொண்டு போனான். அவுகுசோவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பாய்க்குள் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குள் குரல்கள் எழும்பின. லவுதாஃபியின் குரல், "அவன் எதுக்கு உக்காந்திருக்கான்? என்னக் கேலி பண்றானா? தெருவே பாக்குது!" அதன்மேல் லிதியாவின் குரல், தாழ்வாக, நிறுத்தாமல். பிறகு கதவு திறந்தது.

வெறுங்கால் நடந்து வந்தது. பாய் ஓரத்தில் நின்றது. அவுகுசோ மூச்சைப் பிடித்துக்கொண்டான். பாய் எழும்பவில்லை. நீட்டிக்கொண்டிருந்த அவன் பாதத்தின் மேல் ஏதோ துணி விழுந்தது. மெத்தென்ற துணி. யாரோ குனிந்து அதை நான்கு பக்கமும் நன்றாக இழுத்து, பாதம் முழுக்க மூடும்படி செருகினார்கள். பிறகு பாயின் பக்கவாட்டு ஓரம் விலகியது. வெளிச்சத்தோடு ஒரு ஆள் உள்ளே நுழைந்து, சம்மணம் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாயைத் தன் தலைமேலும் இழுத்துவிட்டுக்கொண்டது.

"அக்கா!" என்றான் அவுகுசோ. எழுந்திருக்கப் பார்த்தான். முட்டி விடவில்லை. "அக்கா, வேணாம். வெளிய போ. நீ இங்க உக்காரக்கூடாது."

"வாய மூடு" என்றாள் லிதியா. "அன்னிக்கும் இதேதான் பண்ண. இன்னிக்காவது என்னப் பேச விடு."

அவன் வாயை மூடினான்.

"அன்னிக்கு இந்தப் பாய்க்குள்ள நான் எதுக்கு உக்காந்தேன்னு நெனச்ச?"

"மச்சானுக்காக."

"உன் மச்சான் வரமாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் இழுத்துட்டு வந்தேன். வழில வேன நிறுத்தி எனக்குத்தான் போன் பண்ணாரு. தம்பி விழுந்துட்டான், முட்டி போச்சு, காப்பீடு இல்ல, என்ன பண்றதுன்னு அழுதாரு." அவள் மூச்சு வாங்கினாள். "வீட்டுக் கூரைன்னு சொல்லச் சொல்லுன்னு சொன்னது நான். அவருக்கு அது தோணவே இல்ல. அவர் சைட்டுன்னுதான் சொல்லப் போனாரு. நான் சொன்னேன். அந்த நேரத்துல எனக்கு இந்த வீடுதான் தெரிஞ்சுது. உன் கால் தெரியல."

அவுகுசோவைத் தூக்கி வளர்த்த அக்கா. கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது, நன்றாகவே வந்தது. காது சூடானது. வாழ்நாளில் முதல் தடவையாக அக்காமேல் கோபப்படுகிறோம் என்று தெரிந்து அவன் மிரண்டு போனான்.

"அத சொல்லத்தான் வந்தேன்" என்றாள் லிதியா. "நீ என் காலப் பாத்ததும் தூக்கிட்ட. சொல்ல வாயத் தொறந்தா கிழங்க வைக்கிற. நான் கேக்காத மன்னிப்ப எங்கைல திணிச்சு அனுப்பிட்ட. அத வச்சுக்கிட்டு இத்தன நாளா நான் எப்படிக் கெடந்திருப்பேன்? உன் வீட்டு வாசல மிதிக்க முடியல. உன் முகத்தப் பாக்க முடியல."

"கோவமா இருக்குக்கா" என்றான் அவுகுசோ.

"இருக்கட்டும். அதத்தான் நான் கேட்டேன்."

இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவள் தோள் அவன் தோளில் பட்டது. வெளியே, எதிர்ப்பக்கம், கார்க்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தெலேசியா இறங்கி நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வீட்டுக் கதவு மறுபடி திறந்தது. கனமான செருப்புச் சத்தம் படியிறங்கி, புல்லைக் கடந்து, வந்து நின்றது. பாய்க்குக் கீழே இருந்த இடைவெளியில் லவுதாஃபியின் வேலைச் செருப்பு தெரிந்தது. பெரிய கை ஒன்று பாயின் ஓரத்தைப் பிடித்தது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது.

"தூக்காத" என்றாள் லிதியா. "நான் இன்னும் சொல்லி முடிக்கல."

கை நின்றது.

"செவ்வாய்க்கெழம அந்த வக்கீல் பொண்ணுகிட்ட இவன்கூட நானும் போறேன். கூரைன்னு சொல்லச் சொன்னது நான்னு சொல்லப் போறேன். வீடு போனா போகட்டும், வாடகைக்கு இருந்தவங்கதான நாம. நீயும் வந்து கம்பி கட்டலன்னு சொல்லணும். வரேன்னா தூக்கு. வரலன்னா உள்ள போ. நானும் என் தம்பியும் இங்கயே உக்காந்திருக்கோம்."

கை பாயை விடவில்லை, தூக்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் கெவின் நாயை அதட்டுகிற சத்தம் கேட்டது. தெருவில் ஒரு வண்டி வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போனது. அவுகுசோ மூடிய தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தேவாலயத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற வெள்ளைத் துணி அது. புல்லின் ஈரம் அதில் ஏறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் தூக்கு என்று அவன் மனசு கேட்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

நெடுநேரம் கழித்துப் பாய் மெதுவாக எழும்பியது. வெயிலில் கண் கூசியது. லவுதாஃபி அதை மடிக்கத் தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவுகுசோவின் முட்டியைப் பார்த்தபடி நின்றான்.

"செவ்வாய்க்கெழம எத்தன மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டான்.